காயிலைக் குறை சொல்லும் முன்

அத்தியாயம் 6: செயின்ஸாவில் இக்னிஷன் கோளாறு

செயின்ஸா சரியாக ஓடவில்லை என்று யார் கொண்டுவந்து வைத்தாலும், நம் பட்டறைகளில் முதலில் காதில் விழுகிற தீர்ப்பு ஒன்றுதான்: "காயில் போச்சுண்ணா, மாத்திடலாம்." சொல்வதும் எளிது, செய்வதும் எளிது. இரண்டு ஸ்க்ரூ, பத்து நிமிட வேலை. மிஷின் ஓடிவிட்டால் சரி. ஓடாவிட்டால் அடுத்தது கார்புரேட்டர், அதற்கும் மசியாவிட்டால் பிஸ்டன் செட். இத்தனை செலவும் முடிந்த பிறகு, தோல் உரிந்த ஒரு துண்டு வயர் பாடியில் உரசிக்கொண்டிருந்தது தெரியவரும்.

காயில் என்பது பிசின் ஊற்றி இறுக்கிய ஒரு கட்டி. உள்ளே அசைகிற பாகம் எதுவும் கிடையாது. அதுவும் கெடும்தான். ஆனால் அதைச் சுற்றியிருக்கிற பிளக், பிளக் கேப், ஸ்டாப் வயர், சுவிட்ச், மேக்னெட் எல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே கெட்டுவிடும். காயிலை நேரடியாகச் சோதித்துச் சொல்லும் கருவி சாதாரணப் பட்டறைகளில் இல்லை. மல்டிமீட்டர் வைத்து அளந்தாலும், உள்ளே ட்ரான்சிஸ்டர் சேர்ந்திருப்பதால் வரும் எண்ணை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. மற்ற எல்லாம் சரி என்று ஒவ்வொன்றாக உறுதி செய்த பிறகு மிச்சம் நிற்பது காயில் மட்டும்தான் என்றால், அப்போது மாற்றுங்கள். அந்த வரிசைதான் இந்த அத்தியாயம்.

நம் பக்கத்து மிஷினின் வாழ்க்கை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை செயின்ஸா தினசரி ஓடுகிற இடங்கள் குறைவு. படகு வேலை நடக்கிற இடத்தில் மரம் துண்டுபோட, கன்டெய்னர் யார்டுகளில் சரக்குக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகளை அறுக்க, வீட்டு வாசல் மரத்தைக் கழிக்க என்று விட்டுவிட்டுத்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் தகர ஷெட்டில் தூக்கம். புயல் வந்தால் மட்டும் ஊரில் உள்ள அத்தனை மிஷினும் ஒரே நாளில் விழித்துக்கொள்ள வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரை கடந்தபோது சென்னை முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அந்த மாதிரி நாளில் கயிறு இழுத்தும் கிளம்பாத மிஷின் வீட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

தூங்குகிற மிஷினை உப்புக்காற்று சும்மா விடாது. கடலுக்கு அருகில் இருக்கிற காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் செம்பு, பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூப்பதும், மேக்னெட் முகத்தில் துரு ஏறுவதும் சில மாத வேலை. எண்ணூர்ப் பக்கம் போனால் அனல்மின் நிலையச் சாம்பல் கூடுதல் தொல்லை. மாவு போன்ற அந்தத் தூள் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டர் அடைத்தால் கலவை கெட்டியாகும், பிளக் கருகும், அதைப் பார்த்து "கரண்ட் வரல" என்று முடிவு கட்டுவார்கள். கோளாறு ஃபில்டரில், பழி இக்னிஷன் மேல்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை முழுவதும் டேங்கில் கிடந்த கலவையில் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கலாம். அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு எதையும் கழற்றாதீர்கள். பழைய கலவையை ஊற்றிவிட்டு, அன்று வாங்கிய பெட்ரோலில் அன்றே கலந்து போட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 20 மில்லி என்ற 1:50 கணக்கு மிஷின் கம்பெனி சொல்லும் நல்ல டூடி ஆயிலுக்கு. சாதாரண டூடி ஆயில் என்றால் பல கம்பெனிகள் 40 மில்லி, அதாவது 1:25 என்கின்றன. உங்கள் மிஷின் புத்தகத்தில் உள்ளதே இறுதி.

புல்லட் கைப்பழக்கம்

ஒரு நிமிடம் பொறி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம். செயின்ஸாவில் பேட்டரி கிடையாது. கயிறு இழுத்தால் சுற்றுகிற விசிறிச் சக்கரத்தில் ஒரு காந்தம் பதித்திருக்கும். நாம் அதை மேக்னெட் வீல் என்கிறோம். அந்தக் காந்தம் காயிலின் இரும்புக் கால்களைக் கடக்கும் கணத்தில் காயிலுக்குள் மின்சாரம் பிறக்கிறது. உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச் அதைச் சரியான நேரத்தில் துண்டிக்க, மெல்லிய கம்பிச் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக் முனையில் பாய்கிறது. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் மிஷினில் நொடிக்கு 200 பொறி.

திருவொற்றியூரில் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் கூட்டாகத் தொடங்கிய என்ஃபீல்டு, இந்தப் பகுதிக்கு ஒரு மெக்கானிக் பரம்பரையையே கொடுத்தது. நல்ல கைகள். ஆனால் பழைய புல்லட்டில் கைபழகியவர்களிடம் சில வழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிளாட்டினம் பாயின்டை உப்புத்தாளால் தேய்ப்பது, கண்டென்சரைச் சந்தேகிப்பது, பிளக் வயரைக் கழற்றிச் சும்மா தொங்கவிட்டுக் கிக்கர் அடிப்பது. 1960களின் கடைசியிலேயே செயின்ஸாவுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்துவிட்டது. இன்று கடையில் வாங்கும் எந்த மிஷினிலும் பாயின்ட் இல்லை, கண்டென்சரைத் தேடினாலும் கிடைக்காது. மூன்றாவது வழக்கம் ஆபத்தானது. பிளக் வயரை எதிலும் சேர்க்காமல் கயிறு இழுத்தால், வெளியே போக வழியில்லாத வோல்டேஜ் காயிலின் உள் காப்பைத் துளைத்துக்கொண்டு போகும். நல்ல காயிலைச் சோதிக்கிறேன் என்று கொல்வது இப்படித்தான்.

முதலில், இது இக்னிஷன்தானா?

மிஷினைப் பிரிப்பதற்கு முன் ஓட்டியவரிடம் பேசுங்கள். "இன்னா பண்ணுதுபா?" என்று கேட்டால் "மிஸ் அடிக்குதுண்ணா" என்பார். அத்தோடு விடாதீர்கள். எப்போது மிஸ் அடிக்கிறது, மரத்தில் வைத்து அழுத்தும்போதா, சும்மா ரேஸ் கொடுக்கும்போதா? நிற்கும்போது பட்டென்று நின்றதா, மூச்சு வாங்கி வாங்கி நின்றதா? நின்றதும் உடனே இழுத்தால் கிளம்பியதா, ஆறிய பிறகா?

பொறி சம்பந்தப்பட்ட கோளாறு பெரும்பாலும் சுவிட்சை அணைத்த மாதிரி வரும். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது அடுத்த கணம் செத்துப் போகும். பெட்ரோல் பற்றாக்குறை அப்படி வராது. சத்தம் ஏறி, பலம் குறைந்து, இழுத்துப் பறித்துக்கொண்டு போய் நிற்கும். சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சற்று தேறும். சோக் போட்டால் தேறுகிற மிஷினுக்குக் காயில் வாங்காதீர்கள். அதற்கு வேண்டியது கார்புரேட்டர் சுத்தம், பெட்ரோல் ஃபில்டர், குழாய்.

இன்னொரு சத்தம் பலரை ஏமாற்றுகிறது. சும்மா முழு ரேஸ் கொடுக்கும்போது "பர்ர்ர்" என்று விட்டுவிட்டு அடைத்த மாதிரி ஒரு ஓசை வரும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அது சுத்தமாகி ஒரே சீராக அலறும். இது கோளாறே இல்லை. கலவை கொஞ்சம் தாராளமாக இருக்கிறது, டூ ஸ்ட்ரோக் மிஷின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிகிறது, அவ்வளவுதான். பிஸ்டனுக்கு அது பாதுகாப்பு. இதை மிஸ் என்று நினைத்து கார்புரேட்டர் ஸ்க்ரூவை இறுக்கி, எண்ணெய் பற்றாமல் பிஸ்டன் கோடு விழுந்த மிஷின்கள் ஏராளம். சில மாடல்களின் காயிலிலேயே வேகக் கட்டுப்பாடும் உண்டு. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அதுவே பொறியை விட்டுவிட்டுக் கொடுக்கும். ஆகவே சும்மா ரேஸில் கேட்கும் ஓசையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மரத்தில் வைத்த பிறகும் மிஸ் அடித்தால் மேலே படியுங்கள்.

கம்ப்ரஷனையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. கயிற்றைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டால் சட்டென்று கீழே இறங்காமல் படிப்படியாக இறங்க வேண்டும். கேஜ் இருந்தால் இன்னும் நிச்சயம். 100 பிஎஸ்ஐக்குக் கீழே காட்டினால், பொறி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மிஷின் தகராறுதான் செய்யும். சைலன்சரைக் கழற்றி, துளை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். செங்குத்தாகக் கோடுகள் விழுந்திருந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு 9-ஆம் அத்தியாயத்துக்குப் போகலாம்.

பிளக்

மேலே கை வைப்பதற்கு முன்: செயினையும் பாரையும் கழற்றி ஓரமாக வையுங்கள். பெட்ரோல் கேன் ஐந்தடி தள்ளி இருக்கட்டும். நீங்கள் செய்யப் போவது பெட்ரோல் ஆவிக்கு அருகில் நெருப்புப் பொறி பறக்கவிடும் வேலை.

பெரும்பாலான செயின்ஸா பிளக்குக்கு 19 மி.மீ. ஸ்பேனர். சூடாக இருக்கும்போது கழற்றாதீர்கள், சிலிண்டர் அலுமினியம், மரை உருவிக்கொண்டு வரும். கழற்றியதும் துடைக்காமல் பாருங்கள். காப்பிப் பொடி நிறத்தில் காய்ந்திருந்தால் எரிப்பு சரி. கறுப்பாக, காய்ந்த கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரும் கலவையும் சந்தேகம். கறுப்பாக ஈரமாக, எண்ணெய் வடிந்தால் ஆயில் கணக்கு தவறியிருக்கலாம், அல்லது பொறி இல்லாமல் இழுத்து இழுத்துப் பெட்ரோல் ஏறியிருக்கலாம். வெள்ளையாகச் சுட்ட சுண்ணாம்பு போல இருந்தால் மிஷினை அதற்கு மேல் ஓட்டவே வேண்டாம். எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. அதை விட்டுவிட்டு ஓட்டினால் அடுத்து போவது பிஸ்டன்.

முனைகளின் நடுவே இடைவெளி பல ஸ்டில் மாடல்களுக்கு 0.5 மி.மீ. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி, 62 சிசி சீன மிஷின்களுக்கு 0.6 முதல் 0.7 வரை. ஃபில்லர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண் கணக்கு வேண்டாம். பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசல் உள்ள பிளக் வெளியில் அழகாகப் பொறி காட்டும், உள்ளே போனதும் ஏமாற்றும்.

பெட்ரோலில் நனைத்துத் தீ வைத்துக் கரி எரிப்பது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது இரண்டையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிரஷ் தேய்த்தால் பீங்கானில் உலோகத் தூள் படிந்து, பொறி அந்த வழியாக நழுவும். பிளக் ஒரு தேய்மானப் பொருள். சந்தேகம் வந்தால் புதிது போட்டுவிடுங்கள், ஆனால் அந்தப் புதிதையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். பெரிய கம்பெனிப் பெயர் அச்சடித்த போலி பிளக் நம் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. அச்சு மங்கலாக, மரை முனை கூர்மையாகப் பிசிறடித்து, வாஷர் கழன்று விழுந்தால் திருப்பிக் கொடுங்கள். எண்ணில் ஆர் எழுத்து இருக்கிற ரகத்தை மிஷின் புத்தகம் கேட்டால் அதையே போடுங்கள். அது ரெசிஸ்டர் பிளக், எலக்ட்ரானிக் காயிலுக்கு இரைச்சல் போகாமல் தடுப்பது.

கேப்பும் வயரும்

பிளக் கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் கூர் முனை வயரின் நடுவில் குத்தியிருக்க வேண்டும். கடலோர மிஷினில் இந்த ஸ்பிரிங்தான் முதலில் அரிக்கும். பச்சையாகவோ துருவாகவோ இருந்தால் கேப்போடு சேர்த்து மாற்றுங்கள். வயர் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டி, புதிய இடத்தில் குத்திவிட்டால் போதும்.

காலையில் கிளம்பாது, வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பும் என்று ஒரு வகைப் புகார் வரும். இதைப் பேய் பிடித்த மிஷின் என்று ஒதுக்கி வைத்தவர்களும் உண்டு. பிளக்கின் வெளிப் பீங்கானிலும் கேப்பின் உட்புறத்திலும் படிந்த உப்பு, விடியற்காலை ஈரத்தில் மின்சாரம் கடத்துகிறது. பொறி முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாகவே வழுக்கி பாடிக்கு இறங்குகிறது. உற்றுப் பார்த்தால் பீங்கானில் பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் தெரியும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, கேப்பின் உதட்டில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். படகில் மாட்டும் ஓபிஎம் என்ஜின் பார்க்கிற மெக்கானிக்குகளுக்கு இந்த வேலை பழக்கமானது. அவர்களுக்குத் தெரிந்தது செயின்ஸா பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போனது ஆச்சரியம்தான்.

பொறி பார்க்கும் முறை

பிளக்கைக் கழற்றி, கேப்பில் சொருகி, சிலிண்டர் துடுப்பில் வைத்துக் கயிறு இழுத்துப் பார்க்கிறோம். பொறி தெரிகிறது. "கரண்ட் இருக்குதுண்ணா" என்கிறோம். இந்தச் சோதனை பாதிதான் உண்மை சொல்லும். திறந்த காற்றில் அரை மில்லிமீட்டரைத் தாண்ட இரண்டு மூன்றாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று எட்டு, பத்து மடங்கு அமுங்கியிருக்கும்போது அதே இடைவெளிக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். பலவீனமான காயில் வெளியில் பாஸ், உள்ளே ஃபெயில்.

அதனால் இடைவெளி அதிகமுள்ள ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் பழைய பிளக் ஒன்றின் வளைந்த முனையை நிமிர்த்தி, சுமார் 4 மி.மீ. திறந்து, அதன் உடம்பில் ஒரு முதலைக் கிளிப் வயரைக் கட்டிக்கொள்ளுங்கள். கிளிப்பின் மறுமுனையைச் சிலிண்டரில் துரு இல்லாத இடத்தில் கவ்வவிடுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றும். துளையின் மேல் ஒரு துணி போடுங்கள். சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கட்டும். நிழலில் உட்கார்ந்து, கயிற்றைத் தயங்காமல் வேகமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் எலக்ட்ரானிக் காயில் வேலையே செய்யாது.

நீல நிறத்தில் "டிக்" என்று சத்தத்தோடு ஒவ்வொரு இழுப்புக்கும் தவறாமல் தாண்டினால் இக்னிஷன் இப்போதைக்கு நலம். மஞ்சளாக, மெல்லியதாக, சில இழுப்புக்கு வந்து சில இழுப்புக்கு வராமல் போனால் அடுத்த பகுதி. வயரைக் கையில் பிடித்து ஷாக் அடிக்கிறதா என்று பார்க்கும் வீரம் வேண்டாம். அடித்தாலும் காயில் நல்லது என்று பொருள் இல்லை.

ஸ்டாப் வயர்

பொறி வரவில்லை, அல்லது விட்டுவிட்டு வருகிறது என்றால் முதல் குற்றவாளி இதுதான். பெரும்பாலான செயின்ஸாவில் ஆஃப் செய்வது என்றால் காயிலின் மின்சாரத்தை பாடியில் இறக்கிவிடுவது. அந்த வயர் எங்காவது தோல் உரிந்து பாடியைத் தொட்டாலும் மிஷின் ஆஃப் ஆனதாகவே நினைத்துக்கொள்ளும். கைப்பிடி அதிர்வு ரப்பர்களில் ஆடிக்கொண்டே இருப்பதால், வயர் டேங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே வளைகிற இடத்தில் தேய்கிறது. மேடு பள்ளத்தில் மிஷின் குலுங்கும்போது மட்டும் தொட்டு, மேஜையில் வைத்தால் தொடாமல் நல்ல பிள்ளையாக ஓடும். "கடைக்கு வந்தா ஓடுது, சைட்டுக்குப் போனா நிக்குது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

காயிலில் சொருகியிருக்கும் ஸ்டாப் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி டெஸ்டரில் பாருங்கள். பொறி முழுசாக வந்துவிட்டதா? காயில் நிரபராதி. இப்போது மல்டிமீட்டரில் கழற்றிய வயரையும் பாடியையும் தொட்டுப் பாருங்கள். சுவிட்ச் ஆனில் தொடர்பே இருக்கக் கூடாது, ஆஃபில் பூஜ்யம் காட்ட வேண்டும். ஆனிலும் தொடர்பு காட்டினால் வயரை அதன் பாதை முழுவதும் விரலால் நெருடிக்கொண்டு போங்கள். இடையிடையே கைப்பிடியை ஆட்டுங்கள், முள் துள்ளுகிற இடத்தில் கோளாறு. சுவிட்சுக்குள் எண்ணெயும் மரத்தூளும் பசையாகி இரண்டு தகடுகளையும் ஒட்ட வைத்திருக்கும். உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

ஸ்டாப் வயரைக் கழற்றி வைத்துவிட்டு "சோக் போட்டு ஆஃப் பண்ணிக்கோ" என்று மிஷினைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிளையில் நின்று வெட்டுபவர் கையில் அணைக்க முடியாத மிஷினைக் கொடுப்பது குற்றம். சோதனைக்குக் கழற்றினால் சோதனை முடிந்ததும் மாட்டுங்கள்.

மேக்னெட்டும் இடைவெளியும்

ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றினால் மேக்னெட் வீலும் அதன் மேல் காயிலும் தெரியும். மேக்னெட் முகமும் காயிலின் கால் முனைகளும் பளிச்சென்று இருக்க வேண்டும். துரு இருந்தால் மெல்லிய எமரி தாளால் லேசாகத் துடைத்தால் போதும். அரம் போட்டுத் தேய்த்தால் இடைவெளி நிரந்தரமாகக் கூடிவிடும். காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் துணியில் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

இடைவெளி பெரும்பாலான மிஷின்களில் 0.3 மி.மீ. அளவில் இருக்கும். சாதாரண விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். காயிலின் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, காயிலை மேலே தள்ளி வையுங்கள். சக்கரத்தைத் திருப்பி மேக்னெட்டைக் காயிலுக்கு நேரே கொண்டுவந்து, நடுவே கார்டை நுழையுங்கள். ஸ்க்ரூவை விட்டால் காந்தமே காயிலை இழுத்துக்கொள்ளும். அந்த நிலையில் இறுக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிக் கார்டை வெளியே விடுங்கள். இரண்டு கால்களும் ஒரே அளவில் இருக்கிறதா, ஒரு முழுச் சுற்றில் எங்கும் உரசவில்லையா என்று பார்க்க வேண்டும். உரசினால் கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

காயிலைத் தாங்கும் ஸ்க்ரூ வழியாகத்தான் பாடியோடு அதற்குத் தொடர்பு. அந்தக் காலடியில் வெள்ளையாக அலுமினியப் பூஞ்சை பிடித்திருந்தால் பொறி பலவீனப்படும். ஸ்க்ரூவைக் கழற்றி இரு முகங்களையும் சுத்தம் செய்து மாட்டுவது சின்ன வேலை. இங்கே பாதிப் பேர் மறந்துவிடுகிற வேலையும் இதுதான்.

பொறி நன்றாக இருக்கிறது, நேரம் தவறுகிறது

டெஸ்டரில் நீலப் பொறி துள்ளுகிறது, பிளக் புதிது, பெட்ரோல் புதிது. ஆனாலும் கிளம்பவில்லை. கயிற்றைக் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்குகிறது, கார்புரேட்டர் வழியே "டப்" என்று அடிக்கிறது. இது கீ அறுந்த மிஷின். மேக்னெட் வீலைக் கிராங்கில் சரியான கோணத்தில் நிறுத்துவது ஒரு சின்ன கீ. சில மாடல்களில் அது சக்கரத்தோடு சேர்த்து வார்த்த மேடு. நட்டு தளர்ந்து ஓடினால் அது பாதி வெட்டுப்பட்டுச் சக்கரம் சில டிகிரி நகர்ந்துவிடும். பொறி வருகிறது, வர வேண்டிய நேரத்தில் வரவில்லை.

நட்டைக் கழற்ற பிஸ்டனை நிறுத்த வேண்டும். பிஸ்டன் எக்ஸாஸ்ட் துளையை மூடி மேலே வந்த பிறகு, பிளக் துளை வழியே ஸ்டார்ட்டர் கயிற்றின் ஒரு முனையை உள்ளே திணியுங்கள். கயிறு மெத்தென்று பிஸ்டனைத் தாங்கும். ஸ்க்ரூ டிரைவர் விடுபவர்கள் பிஸ்டன் தலையில் ஓட்டை போடுவார்கள். மேக்னெட் பக்க நட்டு வழக்கமான திசையில் கழலும். கிளட்ச் பக்கம் இடது மரை, அதை இங்கே குழப்பிக்கொள்ளாதீர்கள். சக்கரத்தை எடுக்கப் புல்லர் பயன்படுத்துங்கள், சுத்தியலால் விளிம்பில் அடித்தால் காந்தமும் போகும், கிராங்கும் வளையும். திரும்பப் பொருத்தும்போது சரிவு முகம் இரண்டிலும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது.

சூட்டில் சாகும் மிஷின்

இனித்தான் காயில் உண்மையில் குற்றவாளியாக இருக்கக்கூடிய வழக்கு வருகிறது. கிளம்புகிறது, நன்றாக வெட்டுகிறது, கால் மணி நேரம் கழித்துப் பட்டென்று நிற்கிறது. எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. டீ குடித்துவிட்டு வந்தால் முதல் இழுப்பில் ஓடும். காயிலுக்குள் மயிரிழையளவு அறுந்த கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு விடலாம், ஆறியதும் சேரலாம். ஆனால் இதே நாடகத்தை ஆட இன்னொருவரும் இருக்கிறார்: டேங்கின் காற்றுத் துளை. அது அடைத்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்கு வரத்து நிற்கும். ஆறும் நேரத்தில் மெல்லக் காற்று கசிந்து சரியாகிவிடும். சென்னைச் சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி நிற்பதும் உண்டு.

இவற்றைப் பிரிக்க ஒரே வழி, நின்ற கணத்திலேயே பார்ப்பது. நின்றதும் ஆற விடாதீர்கள். முதலில் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், அடுத்த இழுப்பில் கிளம்பினால் காற்றுத் துளையைச் சுத்தம் செய்தால் போதும். சத்தம் இல்லை, கிளம்பவும் இல்லை என்றால் சூட்டோடு கேப்பைக் கழற்றி ஸ்பார்க் டெஸ்டரில் மாட்டி இழுங்கள். ஸ்டாப் வயரையும் கழற்றிப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் இருக்கிறது, வயர் கழற்றினாலும் மாற்றமில்லை என்றால், இப்போது சொல்லலாம்: காயில் போச்சு. டெஸ்டரை சைட்டுக்கே எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான். பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் மிஷின் ஆறிவிடும், சாட்சி கலைந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கியது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, எண்ணெயும் அதில் கலந்து வந்தது. அப்படி மூழ்கிய மிஷினைக் காயவைத்து உடனே இழுக்காதீர்கள். மூடிகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் உப்பும் சேறும் போகக் கழுவி, காற்றடித்து, பிளக் துளை கீழே பார்க்கத் திருப்பி வைத்து மெதுவாகக் கயிறு இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, கொஞ்சம் டூடி ஆயில் விடுங்கள். பிசினுக்குள் இருக்கும் காயில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கேப் ஸ்பிரிங், சுவிட்ச் தகடு, பேரிங் ஆகியவை பிழைக்காது. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பேரிங்குக்குத்தான் சேதம்.

வாங்கும்போது

ஸ்டில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா ஆட்டோடியூன் போன்ற மிஷின்களில் கார்புரேட்டரும் மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும். பிளக், கேப், இடைவெளி வரை நீங்கள் பார்க்கலாம். அதற்கு மேல் கம்பெனி சர்வீஸில் கருவி போட்டுப் பார்ப்பதே மலிவு. மற்ற மாடல்களுக்கு, பழைய காயிலைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சீன மிஷின்களில் 58 சிசி என்று ஒரே பெயரில் ஓட்டை தூரம் மாறுபட்ட காயில்கள் வருகின்றன. ஸ்க்ரூ துளை, கால் அகலம், வயர் நீளம், ஸ்டாப் வயர் முனை நான்கையும் வைத்து ஒப்பிடுங்கள். பில் வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் பொருள் திரும்ப எடுக்க மாட்டோம் என்பார்கள், அதனால் வாங்கும் முன்பே மேலே சொன்ன சோதனைகள் முடிந்திருக்க வேண்டும். புதிய காயில் போட்டதும் பட்டறையில் இரண்டு நிமிடம் ரேஸ் கொடுத்துவிட்டுக் காசு வாங்காதீர்கள். மரத்தில் வைத்து, முழு டேங்க் பெட்ரோல் தீரும்வரை வெட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பழைய காயிலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.